ஒரு காது மட்டும் கேட்கவில்லை: எந்தக் கருவி?

கேள்வி: சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இடது காது முற்றிலும் போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கிறது. கடையில் இடது காதுக்கே கருவி போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. கருவி ஒலியைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். அதை உணர உட்செவியில் கொஞ்சமாவது உயிர் இருக்க வேண்டும். முதலில் ஆடியோகிராமும் (எந்த அளவு ஒலி கேட்கிறது எனக் காட்டும் சோதனை), சொற்களைப் பிரித்தறியும் சோதனையும் செய்யுங்கள். இடது காது ஓரளவு தேறினால் சாதாரணக் கருவி போதும்.

துளியும் கேட்காவிட்டால் 'கிராஸ்' வகைதான் பொருந்தும். இடது காதில் மைக் மட்டும் இருக்கும். அது பிடிக்கும் ஒலி கம்பியில்லாமல் வலது காதுக் கருவிக்குப் போகும். வலப்பக்க ரப்பர் முனை துளையுள்ளதாக இருக்கட்டும்; காதை அடைத்துவிட்டால் இருக்கிற நல்ல கேட்கும் திறனும் கெடும். பின்னாளில் வலதும் மங்கினால், வலது காதுக்கும் ஒலியைப் பெரிதாக்கித் தரும் 'பைகிராஸ்' வகை.

திசையை இது காட்டித் தராது. இடப்பக்க இரைச்சலையும் நல்ல காதில் கொண்டுவந்து கொட்டும். ஆகவே பணம் கட்டுமுன் சோதனைக்கு வாங்கி, கூட்டமான கோப்பிக்கடையில் பேசிப் பாருங்கள். அங்கே தலை வலித்தால் வேண்டாம். மண்டை எலும்பு வழியாக ஒலியை நல்ல காதுக்குக் கடத்தும் எலும்புவழிக் கருவியையும், அதைப் பொருத்தும் அறுவைக்கு முன் தலைப்பட்டையில் மாட்டிச் சோதிக்கலாம். பல்லாண்டு கேளாத காதுக்குக் காக்ளியர் (அறுவை செய்து உட்செவியில் வைக்கும் கருவி) பொருத்துவதில் பலன் குறைவு.

பினாங்கின் ஈரக்காற்று கருவிக்கு எதிரி. ஜிங்க்-ஏர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, இரவில் கருவியை உலர்த்தும் டப்பாவில் வையுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: ஒரு காது திடீரென அடைத்துக் கேட்காமல் போனால் கடைக்குப் போகாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் 2 வாரத்துக்குள்தான் அதிகம் உதவும்.