ஏழுகல் தோடும் இரண்டு விலையும்

கேள்வி: மகளின் திருமணத்துக்கு ஏழுகல் வைரத் தோடு வாங்க, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் இரண்டு நகைக்கடைகளில் விசாரித்தோம். கற்களின் மொத்த எடை ஏறக்குறைய ஒன்றுதான். விலையோ ஒரு கடையில் மற்றதைப்போல் மூன்று மடங்கு. இரு கடையினரும் "கிம்பர்லி சான்றிதழ் உள்ள கல், போர் வைரம் இல்லை" என்கிறார்கள். யாருக்கும் தீங்கு செய்யாத கல்லுக்குத்தான் எங்கள் பணம் போகிறது என்று எப்படி நம்புவது? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: அந்தச் சான்றிதழ் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய உறுதிமொழி அன்று. போர் வைரங்களைத் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து 2003-இல் நடைமுறைப்படுத்திய, மலேசியாவும் பங்கேற்கும் கிம்பர்லி ஏற்பாட்டின்படி, பட்டை தீட்டாத கற்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது அந்தப் பொட்டலத்தோடு செல்லும் அரசாங்கத் தாள் அது. தோட்டில் பதித்த கல்லுக்கென்று அப்படி ஒன்று வழங்கப்படுவதில்லை. மேலும், அரசை எதிர்த்துப் போரிடும் கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் சேர்க்கும் கற்களை மட்டுமே அந்த ஏற்பாடு போர் வைரம் என்கிறது. ஸிம்பாப்வேயின் மராங்கே வைர வயல்களில் 2008-இல் அரசுப் படையினரே 200 பேருக்கு மேல் கொன்றதாக மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. அப்படியிருந்தும் அங்கிருந்து வரும் கற்களின் ஏற்றுமதிக்கு 2011-இல் கிம்பர்லி அமைப்பு அனுமதி அளித்தது. அந்த அமைப்பு உருவாகப் பாடுபட்ட குளோபல் விட்னஸ் என்ற தன்னார்வ அமைப்பு, அதே ஆண்டு டிசம்பரில் அதிலிருந்து விலகியது. "சான்றிதழ் உண்டு" என்ற கடைக்காரரின் சொல் உண்மையாகவே இருந்தாலும், உங்கள் கேள்விக்கு அது விடையாகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஏழுகல் தோட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரு காதுக்கும் சேர்த்துப் பதினான்கு சிறு கற்கள். உலகின் பெரும்பாலான வைரங்கள் பட்டை தீட்டப்படும் சூரத்தில், இத்தகைய கற்கள் பல சுரங்கங்களிலிருந்து வந்து, அளவும் நிறமும் பார்த்துப் பிரிக்கப்பட்டு, ஒரே பொட்டலத்தில் கலந்துவிடுகின்றன. அதன்பின் எந்தக் கல் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாது. ஆகவே, சிறு கல்லுக்குச் சுரங்கத்தின் பெயரையே உறுதியாகச் சொல்பவரிடம் அதற்கான ஆவணத்தைக் கேளுங்கள்.

இனி விலை. தங்கத்தின் அன்றைய விலையைக் கடையிலேயே எழுதி வைக்கிறார்கள். வைரத்துக்கு அப்படியொரு பலகை இல்லாததால், இலாபம் பெரும்பாலும் அங்கேதான் மறைகிறது. தரமும் வெட்டும் விலையை மாற்றும் என்றாலும், மூன்று மடங்கு வேறுபாட்டைக் கண்டவுடன் எனக்கு எழும் முதல் ஐயம், விலை குறைந்த கல் ஆய்வகத்தில் வளர்த்ததாக இருக்கலாம் என்பதே. அதுவும் வைரம்தான், அசல் கரிமம்தான். தெரிந்து வாங்கினால் அதில் தவறேதுமில்லை. இயற்கைக் கல் என்று சொல்லி அதை விற்பதே அநீதி. கல்லில் தொட்டுக் காட்டும் பேனா போன்ற கருவி வெப்பக் கடத்தலை மட்டும் அளப்பதால், இரண்டையும் வைரம் என்றே காட்டும். ஆய்வகக் கல் சுரங்கத் தொழிலாளியைத் தொடவில்லை என்பது உண்மை. ஆனால் அதை வளர்க்க மின்சாரம் ஏராளமாகத் தேவைப்படுகிறது. அத்தகைய கற்கள் பெருமளவில் வளர்க்கப்படும் சீனாவிலும் இந்தியாவிலும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. எனவே "தீங்கற்ற கல்" என்ற விளம்பரத்தையும் அப்படியே ஏற்காதீர்கள். அதன் விலை சில ஆண்டுகளாகத் தொடர்ந்து சரிந்திருப்பதால், திருப்பி விற்கும் எண்ணம் இருந்தால் அதைத் தவிர்ப்பது நல்லது.

நம் வீடுகளில் பாட்டி தோடுகளைப் போலப் பின்புறம் மூடிக் கட்டிய தோடு வேண்டுமானால், கற்களைப் பதிக்கும் முன்பே, கற்களைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் சோதித்துத் தரச் சொல்லுங்கள். பதித்த பிறகு கல்லின் அடிப்பகுதியைப் பார்க்க முடியாது. ரசீதில் தங்கத்தின் எடை, செய்கூலி, கற்களின் மொத்தக் காரட், ஒரு காரட்டின் விலை, இயற்கைக் கல்லா ஆய்வகக் கல்லா, திருப்பிக் கொடுத்தால் என்ன கழிப்பார்கள் என்பதெல்லாம் தனித்தனியே இருக்க வேண்டும். கடைக்காரர் நல்ல இலாபம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. எதற்கு எவ்வளவு என்று எழுதித் தர மறுப்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள். இயற்கைக் கல் என்று எழுதித் தந்தது பின்னர் பொய்யென்று தெரிந்தால், அந்த ரசீதோடு 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, வழக்கறிஞர் இல்லாமலேயே, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் நீங்களே பதியலாம்.