900 ஹெச்பியா? முதலில் காற்றுக் கணக்கைப் போடுங்கள்!

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், மாடிஃபை செய்த டர்போ இன்லைன் சிக்ஸ் (ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்) இன்ஜின்களின் பவர் பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: ஒரு விளம்பரம் பார்த்தேன். பழைய டொயோட்டா சூப்ரா, 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜின், 3 லிட்டர், ஒற்றை டர்போ. '1.5 பார் பூஸ்ட், சாதா பெட்ரோல், 7,000 ஆர்பிஎம்மில் 900 ஹெச்பி' என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: முடியாது. ஏன் என்பதற்கு ஐந்து நிமிடக் கணக்கு போதும்.

இந்த இன்ஜினின் கொள்ளளவு 2,997 சிசி. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் அந்த 3 லிட்டரும் நிரம்பும். 7,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 10,500 லிட்டர், அதாவது 10.5 கனமீட்டர். சிலிண்டர் 95% நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல நான்கு வால்வு ஹெட்டுக்கு அது நியாயமான எண். பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாகத் தரும் அழுத்தம், 1.5 பார்; வெளிக்காற்றின் அழுத்தம் 1 பார்; ஆக மேனிஃபோல்டில் (காற்று சிலிண்டருக்குப் போகும் குழாயில்) 2.5 பார். டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 45 டிகிரி என்றால் ஒரு கனமீட்டரின் எடை சுமார் 2.7 கிலோ. பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 27 கிலோ காற்று.

பெட்ரோல் டர்போ இன்ஜினுக்கு, நிமிடத்துக்கு 1 கிலோ காற்று சுமார் 22 ஹெச்பி தரும். ட்யூனர்கள் இதையே 'ஒரு பவுண்டு காற்றுக்கு 10 ஹெச்பி' என்பார்கள். ஆக, விடை 600 ஹெச்பி. நல்ல கேம், போர்ட் செய்த ஹெட் எல்லாம் போட்டு 105% நிரப்பினால் 660. எரிபொருளை இ85-க்கு (பெரும்பகுதி எத்தனால் கலந்த பெட்ரோல்) மாற்றினால் இன்னும் கொஞ்சம் ஏறும். 900-க்கு வேண்டியது நிமிடத்துக்கு 41 கிலோ. அதே ஆர்பிஎம்மில் அந்தக் காற்றை உள்ளே தள்ள 2.75 பார் பூஸ்ட் தேவை.

விற்பவர் பொய்தான் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். பல விளம்பரங்களில் பூஸ்ட் ஒரு நாளைய எண்ணாகவும், பவர் இன்னொரு நாளைய எண்ணாகவும் இருக்கும். தெருவில் 1.5 பாரில் ஓடும். டைனோவில் (பவரை அளக்கும் கருவி) ரேஸ் எரிபொருள் ஊற்றி 2.7 பாரில் ஏற்றிய ஷீட்டைக் காட்டுவார்கள். 'இந்த ஷீட் எந்த பூஸ்டில், எந்த எரிபொருளில் எடுத்தது?' என்ற ஒரே கேள்வியில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். கூடவே டர்போவின் மாடல் எண்ணைக் கேட்டு, அதன் கம்ப்ரஸர் மேப்பை (எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று தள்ளும் என்ற வரைபடம்) பாருங்கள். மேப்பின் வலது ஓரம் நிமிடத்துக்கு 60 பவுண்டில் முடிந்தால், பூஸ்ட் எவ்வளவு ஏற்றினாலும் 600 ஹெச்பி பக்கத்திலேயே நிற்கும். அதற்கு மேல் திருகினால் டர்போ காற்றைச் சூடாக்குமே தவிர, கூட்டாது.

கேள்வி: நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்பி26 இன்ஜின். 'ஸ்டாக் டர்போ, ஸ்டாக் இன்ஜெக்டர், 500 ஹெச்பி' என்கிறார்கள். இன்ஜெக்டரை வைத்துச் சரிபார்க்க வழி உண்டா?

பதில்: காற்றை விட எளிது. டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு ஹெச்பிக்கு நிமிடத்துக்கு 6 சிசி பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்பி26-இன் ஸ்டாக் (கம்பெனி போட்ட) இன்ஜெக்டர் நிமிடத்துக்கு சுமார் 440 சிசி பாய்ச்சும். ஆறு இன்ஜெக்டருக்கு 2,640. அவற்றை 85% டியூட்டிக்கு (திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) மேல் ஓட்டக்கூடாது. அதற்கு மேல் போனால் ஊசி மூட நேரம் கிடைக்காமல் கட்டுப்பாடு போய், சிலிண்டர் லீனாகும் (காற்றுக்கேற்ற பெட்ரோல் கிடைக்காது), பிஸ்டன் உருகும். ஆக 2,244 சிசி. அதை 6-ஆல் வகுத்தால் சுமார் 370 ஹெச்பி.

'ஃப்யூல் பிரஷரை ஏற்றிவிட்டோம்' என்பார்கள். பாய்ச்சல் பிரஷரின் வர்க்கமூலப்படிதான் ஏறும். 3 பாரை 4 பார் ஆக்கினால் 15% கூடும், அவ்வளவே. 370 என்பது 425 ஆகும், 500 ஆகாது. பம்ப்பின் பெட்டியில் எழுதிய எண்ணையும் அப்படியே எடுக்காதீர்கள். ரெகுலேட்டர் பூஸ்டோடு சேர்ந்து ஏறும் என்பதால், 3 பார் அடிப்படையும் 1.5 பார் பூஸ்டும் சேர்ந்து பம்ப் 4.5 பாருக்கு எதிராகத் தள்ள வேண்டும். அங்கே அதன் பாய்ச்சல் குறைந்திருக்கும்.

டர்போ வேறு கதை. ஆர்32, ஆர்33, ஆர்34 சாதா ஜிடி-ஆர்களின் டர்பைன் சக்கரம் செராமிக். 1 பாரைத் தாண்டித் தொடர்ந்து ஓட்டினால் அது தண்டிலிருந்து கழன்றுபோவது பேர்போன வியாதி.

இ85 ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வரி: அதே பவருக்கு 30 முதல் 40% கூடுதல் எரிபொருள் வேண்டும். பெட்ரோலில் 850 ஹெச்பி தாங்கும் 1,000 சிசி இன்ஜெக்டர் செட் இ85-இல் 620 பக்கம் முடிந்துவிடும்.

கேள்வி: ஒரே கார், இரண்டு டைனோ, 70 ஹெச்பி வித்தியாசம். எது சரி?

பதில்: இரண்டுமே தன்னளவில் சரியாக இருக்கலாம். உருளையைச் சுழற்ற வைத்து அளக்கும் டைனோஜெட் பொதுவாக அதிகம் காட்டும். பிரேக் போட்டு இழுத்துப்பிடிக்கும் மஸ்டாங் குறைவாகக் காட்டும். சக்கரத்தைக் கழற்றி ஹப்பில் மாட்டும் டைனாபேக்கில் டயர் நஷ்டமே கிடையாது.

டைனோவின் பெயரை விட, ஷீட்டின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைத் திருத்தும் கரெக்‌ஷன் முக்கியம். 'எஸ்டிடி' என்றிருந்தால் 15.5 டிகிரி வெப்பநிலையைக் கொண்டு திருத்தியது; 'எஸ்ஏஇ' என்றிருந்தால் 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல். எஸ்டிடி எண் சுமார் 4% கூடுதலாக வரும். 600 ஹெச்பியில் 24 ஹெச்பி, எந்த ஸ்பேனரும் தொடாமலே!

அடுத்த ஓட்டை, வெப்பமானி. காற்று சூடு என்று கம்ப்யூட்டர் நினைத்தால் எண்ணை ஏற்றிக் கொடுக்கும். சென்ஸரை ரேடியேட்டர் பக்கத்தில் வைத்து அது 60 டிகிரி படித்தால், எஸ்ஏஇ சூத்திரப்படி 500 ஹெச்பி 533 ஆகிவிடும். மலை ஊர்களில் இன்னும் மோசம். 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் போன்ற நகரில் கரெக்‌ஷன் 1.2-ஐத் தாண்டும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது நியாயம். டர்போவோ கூடுதலாகச் சுழன்று அழுத்தக் குறைவில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. ஏற்கெனவே ஈடுகட்டியதற்கு மறுபடியும் மதிப்பெண் போடுவது எப்படிச் சரி? அதனால், கரெக்‌ஷன் இல்லாத ஷீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

சக்கரத்தில் அளந்த எண்ணை கிராங்க் எண்ணாக (இன்ஜினிலேயே இருக்கும் பவராக) மாற்றும்போதும் கைவரிசை நடக்கும். சக்கரத்தில் 500 வந்தால், 15% நஷ்டம் என்றால் 588. 25% என்றால் 667. நஷ்டம் பவரோடு சேர்ந்து அதே விகிதத்தில் வளர்வதில்லை. 1,000 ஹெச்பியில் 15% என்பது 110 கிலோவாட் வெப்பம். அதில் பெரும்பங்கு கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் போனால் ஆயில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எங்கள் பழக்கம், சக்கரத்தில் வந்த எண்ணை மட்டுமே ஒப்பிடுவது.

ஒன்றுக்கு ஒன்று விகிதமுள்ள கியரில் எடுத்தார்களா என்றும் பாருங்கள். சூப்ராவின் ஆறு கியர் கெட்ராக் பாக்ஸில் அது ஐந்தாவது. தாழ்ந்த கியரில் ஓட்டம் சட்டென்று முடிந்துவிடும், பெரிய டர்போ முழு பூஸ்டுக்கு வர நேரம் இருக்காது. கோட்டில் ஊசி மாதிரி ஒற்றை முனை மட்டும் எகிறியிருந்தால் அது டயர் வழுக்கியது. அந்த முனையைத்தான் சிலர் 'பீக்' என்று எழுதிக்கொள்வார்கள். தொடர்ச்சியாக மூன்று ஓட்டத்தின் ஷீட்டைக் கேட்டால், இன்டர்கூலர் சூடான பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: சென்னை ஆலையில் அசெம்பிள் ஆகும் பிஎம்டபிள்யூ எம்340ஐ வைத்திருக்கிறேன். 'ஸ்டேஜ் 1 மேப் போட்டால் 100 ஹெச்பி கூடும்' என்கிறார்கள். காரின் திரையிலேயே பவர் மீட்டர் இருக்கிறதே, அதில் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. ஸ்போர்ட் டிஸ்ப்ளேவில் வருவது அளந்த பவர் அல்ல. ஈசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) தன் டார்க் அட்டவணையை வைத்துப் போடும் மதிப்பீடு. மேப், அதாவது ஈசியுவின் அமைப்புகளை மாற்றும் மென்பொருள், போடுகிறவர் மாற்றுவதும் அதே அட்டவணையைத்தான். தராசைத் திருத்தியவரிடமே எடை கேட்பது போல.

மேப் போடுவதற்கு முன் ஒரு ஓட்டம், போட்ட பின் ஒரு ஓட்டம். அதே டைனோ, அதே நாள், அதே கியர் (உங்கள் எட்டு கியர் பாக்ஸில் ஆறாவது). எக்ஸ்டிரைவ் (நான்கு சக்கர இயக்கம்) என்பதால் நான்கு சக்கரமும் ஓடும் டைனோ அவசியம். கிக்டவுன் ஆகி கியர் இறங்கினால் அந்த ஓட்டம் செல்லாது.

ஆக்டேன் எண்ணில் ஏமாறாதீர்கள். அமெரிக்க பங்க்குகளில் எழுதும் 93, நம் ரான் (நம் ஊரில் ஆக்டேனை அளக்கும் முறை) கணக்கில் ஏறக்குறைய 98. அந்த '93 மேப்'பின் விளம்பர எண்ணை 95 ரான் பெட்ரோலில் எதிர்பார்த்தால், நாக் சென்ஸர் (தாறுமாறாக எரிவதைக் கண்டுபிடிப்பது) இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்துப் பவரைக் குறைத்துவிடும். ஈசியு பதிவான லாகில் டைமிங் கரெக்‌ஷனைப் பாருங்கள். பல சிலிண்டரில் மைனஸ் எண் தொடர்ந்து வந்தால் விளம்பர எண் உங்கள் காரில் இல்லை.

கேள்வி: டைனோ வசதியே இல்லை. வேறு வழி?

பதில்: கால் மைல் ஓட்டத்தின் முடிவு வேகம். நேரத்தை விட்டுவிடுங்கள், அது டயரையும் கிளட்சையும் ஓட்டுபவரையும் பொறுத்தது. முடிவு வேகத்தை 377-ஆல் வகுத்து, வந்த எண்ணை அதனாலேயே இரண்டு தடவை பெருக்கி, ஓட்டுநரோடு சேர்ந்த எடையாலும் 2.2-ஆலும் பெருக்குங்கள். 1,600 கிலோ கார் 190 கிமீ வேகத்தில் முடித்தால் 450 ஹெச்பி; 210 என்றால் 610. 900 என்று சொல்கிறவர் 239-ஐக் காட்ட வேண்டும். இது தோராயம்தான். 210-இல் 3 கிமீ பிசகினாலே 26 ஹெச்பி மாறும் என்பதால், சாலை சரிவில்லாமல் இருக்கட்டும், ஸ்பீடோமீட்டருக்குப் பதில் ஜிபிஎஸ் கருவி இருக்கட்டும், காரை எடை மேடையில் ஏற்றி எடை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டார்க் கோடும் பவர் கோடும் 5,252 ஆர்பிஎம்மில் வெட்டாவிட்டால் ஷீட் போலியா?

பதில்: பவுண்ட்-அடியும் ஹெச்பியும் ஒரே அளவுகோலில் வரைந்திருந்தால் மட்டும் அங்கே வெட்ட வேண்டும். நியூட்டன் மீட்டரும் கிலோவாட்டும் என்றால் 9,549. பெரும்பாலான இன்ஜின்கள் அதுவரை போகவே போகாது.