பரலோகராஜ்யம் என்பது இறந்த பிறகு போகும் இடமா?

கேள்வி இது: "இயேசு அடிக்கடி சொன்ன பரலோகராஜ்யம் என்பது என்ன? நல்லவர்கள் இறந்த பிறகு போகும் மோட்சமா, அல்லது வேறு ஏதாவதா?"

இதையே என் இருபதாவது வயதில் கேட்டிருந்தால், "மோட்சம்தான், இதில் என்ன சந்தேகம்?" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். அப்போது ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே மேகம், நடுவில் தங்க வாசல், கீழே வரிசையில் நிற்கும் மனிதர்கள் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். ஒரு பையன் கையைத் தூக்கினான். "அண்ணா, 'உம்முடைய ராஜ்யம் வருவதாக'ன்னுதானே தினமும் ஜெபம் பண்றோம்? அது இங்க வரணும்னு கேட்டுட்டு, அப்புறம் நாம ஏன் அங்க போகணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்று சமாளித்தேன். இயேசு சீஷர்களுக்குக் கற்றுத்தந்த அந்தப் பரமண்டல ஜெபத்தை ஆயிரக்கணக்கான தடவை சொல்லியிருக்கிறேன். அதில் இருப்பது 'வருவதாக' என்ற சொல், 'போவோமாக' அல்ல என்பது அதுவரை என் காதில் விழவே இல்லை. அடுத்த வரியும் அப்படித்தான்: "உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக." முந்தைய வரிக்கு இதைவிட நல்ல விளக்கம் எழுத முடியாது. ராஜ்யம் வருவது என்றால், கடவுளின் சித்தம் அங்கே நடப்பதுபோல் இங்கேயும் நடப்பது.

குழப்பம் 'ராஜ்யம்' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. அதைக் கேட்டதும் எல்லைகளும் கோட்டையும் வாசலும் உள்ள ஒரு நாடுதான் நம் மனதில் வருகிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'பசிலேயா'. நாடு என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆனால் முதலில் அது குறிப்பது அரச அதிகாரத்தை, ஆளுகையை. தமிழில் இதற்கு நெருக்கமான சொல் 'ஆட்சி'. ஆட்சி மாறிவிட்டது என்று சொன்னால் ஊர் வேறு இடத்துக்குப் பெயர்ந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. ஊர் அதேதான், தெரு அதேதான், ஆட்களும் அதேதான். யாருடைய சொல் செல்லுபடியாகிறது என்பதுதான் மாறியிருக்கிறது. கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலிய மொழிபெயர்ப்பில் 'விண்ணரசு', 'இறையாட்சி' என்ற சொற்கள் இருக்கின்றன. நான் புராட்டஸ்டண்ட் வீட்டில் வளர்ந்தவன். என் வாயில் 'பரலோகராஜ்யம்' என்றுதான் வரும். ஆனாலும் 'இறையாட்சி' இன்னும் சரியான சொல் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் லூக்கா சுவிசேஷத்தின் 19-ஆம் அதிகாரத்தில், இயேசு சொன்ன ஓர் உவமையில் இருக்கிறது. ஒரு பிரபு "ஒரு ராஜ்யத்தை" பெற்றுக்கொண்டு திரும்பி வருவதற்காகத் தூரதேசத்துக்குப் போகிறான். ராஜ்யம் ஒரு நிலப்பரப்பு என்றால் இந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை. நிலத்தை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டா வர முடியும்? அவன் பெறப் போவது ஆளும் உரிமையை. ஆளப் போவது ஊருக்குத் திரும்பி வந்த பிறகு. இயேசு சொன்னதைக் கேட்டவர்களுக்கு இது கற்பனைக் கதையாகவும் தோன்றியிருக்காது. கி.மு. 4-இல் பெரிய ஏரோது இறந்ததும் அவன் மகன் அர்கெலாயு, தந்தையின் அரசுரிமையைப் பெறுவதற்காக ரோமாபுரிக்கு அகுஸ்து பேரரசனிடம் பயணம் போனான். அவன் வேண்டாம் என்று யூதர்களின் தூதுக்குழு ஒன்றும் பின்னாலேயே போனது. உவமையிலும், "இவன் எங்கள்மேல் ராஜாவாயிருக்கிறது எங்களுக்கு மனதில்லை" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

சரி, ராஜ்யம் ஆட்சி என்றால், 'பரலோகம்' எதற்கு?

'பரலோகராஜ்யம்' என்ற தொடர் மத்தேயு சுவிசேஷத்தில் மட்டும்தான் வருகிறது, அதுவும் முப்பது தடவைக்கு மேல். மாற்குவும் லூக்காவும் அதே இடங்களில் 'தேவனுடைய ராஜ்யம்' என்றே எழுதுகிறார்கள். "தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று" என்று மாற்கு எழுதுவதை "பரலோகராஜ்யம் சமீபித்திருக்கிறது" என்று மத்தேயு எழுதுகிறார். கடவுளின் பெயரைச் சட்டென்று உச்சரிக்கத் தயங்கும் யூதர்களின் பயபக்தியே இதற்குக் காரணம் என்பது பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். நமக்கும் இது புதிதல்ல. "மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லும்போது மாடியில் குடியிருப்பவரையா சொல்கிறோம்? கெட்ட குமாரன் உவமையில் இளைய மகன் "பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்" என்கிறானே, அதுவும் இதே வழக்குதான். அங்கே 'பரம்' என்றால் கடவுள்.

பரலோகராஜ்யம் வேறு, தேவனுடைய ராஜ்யம் வேறு என்று பெரிய அட்டவணை போட்டுப் பிரசங்கிப்பவர்களும் உண்டு. அவர்கள் மத்தேயு 19-ஐக் கொஞ்சம் நிதானமாக வாசிக்கலாம். ஐசுவரியவான் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பது அரிது என்று 23-ஆம் வசனம் சொல்கிறது. ஊசியின் காது, ஒட்டகம் என்று அதையே அடுத்த வசனம் திரும்பச் சொல்லும்போது 'தேவனுடைய ராஜ்யம்' என்கிறது. ஒரே பேச்சு, ஒரே பொருள், இரண்டு பெயர்.

ஆக, பரலோகராஜ்யம் என்றால் கடவுளின் ஆட்சி. மோட்சம் என்று சொன்னால் பொருள் சுருங்கிவிடுகிறது. அதோடு யாருக்கும் வலிக்காத சொல்லாகவும் ஆகிவிடுகிறது. கலிலேயாவை ஏரோது அந்திப்பா ஆண்டுகொண்டிருந்தான், அவனுக்கு மேலே ரோமில் திபேரியு இருந்தான். அந்த மண்ணில் நின்றுகொண்டு "வேறொரு ராஜாவின் ஆட்சி நெருங்கிவிட்டது" என்று அறிவித்தால் அதை யாரும் வெறும் ஆன்மிகச் சொற்பொழிவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். செத்த பிறகு கிடைக்கும் சுகத்தை மட்டும் ஒருவர் போதித்தால் ரோமப் பேரரசுக்கு அதனால் என்ன நஷ்டம்? சிலுவையின் மேல் 'யூதருடைய ராஜா' என்று எழுதி வைத்தார்களே, அந்தக் குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது? "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்று அவர் தம்மை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவிடம் சொன்னார், உண்மைதான். அப்படி உரியதாக இருந்தால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே என்றும் உடனே சேர்த்துச் சொன்னார். அந்த ஆட்சி வாளால் வருவதில்லை, இந்த உலகத்தின் வழிகளிலிருந்து பிறப்பதில்லை என்பதே அங்கே பொருள். உலகத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை என்று நான் வாசிக்கவில்லை.

அது எப்படிப்பட்ட ஆட்சி என்று கேட்டால் இயேசு வரையறை எதுவும் தரவில்லை, கதைதான் சொன்னார். மத்தேயு 13-இல் மட்டும் விதைக்கிறவன், களைகள், கடுகுவிதை, புளித்தமாவு, புதைத்துவைத்த பொக்கிஷம், முத்து, வலை என்று வரிசையாக வருகின்றன. எல்லாவற்றையும் இங்கே விளக்கப் போவதில்லை. கடுகையும் மாவையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அவற்றில் ஒரு குறும்பு இருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் பெரிய அரசுகளுக்கு உருவகம் வானளாவிய மரம், அதன் கிளைகளில் பறவைகள். எசேக்கியேலில் கேதுரு மரம் வருகிறது, தானியேலில் நேபுகாத்நேச்சாரின் கனவிலும் அப்படியொரு மரம் வருகிறது. கடவுளின் ராஜ்யத்துக்கும் அதே மாதிரி ஒரு மாபெரும் கேதுருவைத்தான் கூட்டம் எதிர்பார்த்திருக்கும். இவர் கடுகுச் செடியைச் சொல்கிறார்! பறவைகள் மட்டும் பழைய படத்திலிருந்து அப்படியே வந்து அதில் உட்காருகின்றன. கேட்டவர்களில் சிலர் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

புளித்தமாவும் அப்படித்தான். யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு முன் வீட்டிலிருந்து துடைத்து எடுக்க வேண்டிய பொருள் அது. யூத வழக்கில் பெரும்பாலும் கெட்டதற்குத்தான் உவமை. "பரிசேயருடைய புளித்தமாவைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்" என்று இயேசுவே வேறொரு இடத்தில் சொல்கிறார். இங்கே அதையே எடுத்து, கடவுளின் ஆட்சி இதைப்போல என்கிறார். ஒரு பெண் அதை மூன்றுபடி மாவில் அடக்கி வைக்கிறாள். நம் மொழிபெயர்ப்பின் 'படி' இங்கே ஏமாற்றிவிடுகிறது. மூலத்தில் உள்ள அளவின்படி பார்த்தால் அது இருபத்தைந்து கிலோவுக்கும் மேல். ஒரு வீட்டுக்கு ரொட்டி சுடும் கணக்கு இல்லை அது, விருந்துக் கணக்கு. யாரும் கவனிக்காத ஒரு கைப்பிடி, மாவு முழுவதையும் மாற்றிவிடுகிறது. வெளியே சத்தமே கேட்பதில்லை.

நான் நீண்ட காலம் சண்டை போட்ட உவமை வேறு. திராட்சத்தோட்டத்து வேலையாட்கள், மத்தேயு 20. விடியற்காலையிலிருந்து வெயிலில் உழைத்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரே கூலி. நான் எப்போதும் சீக்கிரம் வந்து வேலையைத் தொடங்குகிற ஆள். அதனால் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் முறுமுறுக்கிறவர்கள் பக்கம்தான் நின்றேன். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" என்று எஜமான் கேட்கும் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டதுபோலவே இருக்கும். முழு நாள் கூலி என்பது அன்றைக்கு ஒரு குடும்பம் சாப்பிடும் கணக்கு. கடைசியில் வந்தவனின் பிள்ளைகளுக்கும் முழு வயிறுதானே? இந்த ஆட்சியில் கணக்கு உழைத்த மணி நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, தேவையிலிருந்து தொடங்குகிறது. இதைப் புரிந்துகொண்டேன் என்று சொல்லலாம். முழுக்கப் பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய்.

அப்படியானால் இந்த ஆட்சி வந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா? பலர் தடுக்கி விழும் இடம் இது. வேதத்தில் இரண்டும் இருக்கிறது. இயேசு பிசாசுகளைத் துரத்திவிட்டு, "தேவனுடைய ராஜ்யம் உங்களிடத்தில் வந்திருக்கிறதே" என்கிறார். அவரே சீஷர்களுக்கு "வருவதாக" என்று ஜெபிக்கவும் கற்றுத்தருகிறார். மலைப்பிரசங்கத்தின் பாக்கியங்களில் முதலாவது, "பரலோகராஜ்யம் அவர்களுடையது" என்று நிகழ்காலத்தில் முடிகிறது. அடுத்தது "ஆறுதலடைவார்கள்" என்று எதிர்காலத்துக்குத் தாவுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறையியலாளர் ஆல்பர்ட் சுவைட்சர், இயேசு எதிர்பார்த்தது உடனே வரப்போகிற உலக முடிவைத்தான் என்று வாதிட்டார். 1935-இல் வேத அறிஞர் சி.எச். டாட், இல்லை, அது இயேசுவிலேயே வந்தாகிவிட்டது என்றார். 'வந்துவிட்டது, ஆனால் இன்னும் முழுமையாக வரவில்லை' என்பதில்தான் இன்று பெரும்பாலோர் நிற்கிறார்கள். ஆஸ்கார் கல்மான் என்ற இறையியலாளர் இதற்கு இரண்டாம் உலகப் போரிலிருந்து ஓர் உவமை சொன்னார். 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் கரையேறியதோடு போரின் முடிவு தீர்மானமாகிவிட்டது. ஆனால் ஐரோப்பாவில் வெற்றி நாள் வந்தது 1945 மே மாதம். நடுவில் சண்டை ஓயவில்லை, சாவும் ஓயவில்லை. அந்த இடைப்பட்ட மாதங்களில்தான் நாம் வாழ்கிறோம் என்பது அவர் கருத்து.

"தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே" என்ற லூக்கா 17:21-ஐ எடுத்துக்கொண்டு, இது மனதுக்குள் கிடைக்கும் ஒரு சமாதான உணர்வு மட்டுமே என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு 'உங்கள் நடுவே' என்றும் பொருள் கொள்ளலாம். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் அவர் அந்த இடத்தில் பேசுவது தம்மை எதிர்த்த பரிசேயர் என்ற யூத மதக் குழுவினரிடம்.

சபையும் ராஜ்யமும் ஒன்றா என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். இல்லை. "இயேசு ராஜ்யத்தை அறிவித்தார், வந்ததோ சபை" என்று 1902-இல் ஆல்ஃபிரட் லுவாசி என்ற பிரெஞ்சு வேத அறிஞர் எழுதியதைப் பலர் கிண்டலாகவே மேற்கோள் காட்டுவார்கள். நீண்ட கமிட்டிக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்து எழுந்த எவருக்கும் அந்தக் கிண்டல் புரியும். கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல், திருச்சபை இந்த ஆட்சியின் விதையும் தொடக்கமுமாக இருக்கிறது என்றது. விதை என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

இனி உங்கள் கேள்வியின் மற்ற பாதி. மரணத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சிலுவையில் தொங்கிய கள்ளன், "நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்று கேட்டான். என்றோ ஒரு நாள் வரப்போகும் ராஜ்யத்தை மனதில் வைத்துக் கேட்டான். கிடைத்த பதில் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." இறந்தவர்கள் கிறிஸ்துவோடு இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை இதில் இருக்கிறது. ஆனால் வேதத்தின் கடைசிப் படம் ஆத்துமாக்கள் மேலே பறப்பது அல்ல. வெளிப்படுத்தலின் 21-ஆம் அதிகாரத்தில் புதிய எருசலேம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது. அங்கேயும் வருவதுதான். அந்தப் பையனுக்கு அடுத்த வாரம் இதைத்தான் வாசித்துக் காட்டினேன். "அப்ப நீங்க போட்ட படம் தப்பா அண்ணா?" என்றான். அழித்துவிட்டு, அம்புக்குறியைக் கீழ்நோக்கிப் போடச் சொல்லிச் சாக்பீஸை அவனிடமே கொடுத்தேன்.

இவ்வளவு பேசினாலும், யாராவது இறந்த வீட்டில் "அவர் பரலோகராஜ்யம் போய்விட்டார்" என்று சொன்னால் நான் திருத்துவதில்லை. துக்க வீட்டில் நின்று கிரேக்க இலக்கணம் பேசக் கூடாது. அம்மாவின் கல்லறைக் கல்லில் 'பரலோகராஜ்யத்தில் பிரவேசித்தார்' என்று பொறிக்கலாமா என்று அண்ணன் கேட்டபோது, நானும் சரி என்றுதான் சொன்னேன்.