திறப்பு யாரிடம்?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் தரம் 2 படிப்பிக்கிறேன். 26 பிள்ளைகள். கணித மூலை, மொழி மூலை, சுற்றாடல் மூலை என்று என் சம்பளக் காசில் சாமான் வாங்கி வைத்தேன். ஒரு கிழமைக்குள் புளியங்கொட்டைக்குள் சோடா மூடி, எழுத்து அட்டைக்குள் ஐஸ்கிறீம் குச்சி. இந்தப் பிள்ளைகளுக்கு ஒழுங்கு வராது போல. நல்லகாலம், தரம் 3 படிக்கிற என் மகள் இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் அவள்தான் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி, அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் கொண்டுவந்து தருவாள். சாமான்களை ஒழுங்காக வைத்திருக்க வழி சொல்லுங்கள். (ஓர் ஆசிரியை)

பதில்: தங்கச்சி, உங்கள் மகள் இந்தக் கடிதத்தில் ஓரிடத்தில் வந்து போய்விடுகிறாள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

அவளுக்கு எட்டு வயது இருக்குமா? எது எந்தத் தட்டு என்று தெரிகிறது, கொட்டையை வேறாக மூடியை வேறாக எடுக்கத் தெரிகிறது, பூட்டவும் தெரிகிறது. திறப்பை நம்பிக் கொடுத்தீர்கள், பழகிக்கொண்டாள். வகுப்பில் இருப்பவர்கள் அவளுக்கு ஒரு வயதுதான் இளையவர்கள். அவர்களுக்கு ஒழுங்கு வராது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? காலையில் ஆட்டை மாற்றிக் கட்டிவிட்டு, தம்பிக்குச் சட்டையும் போட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று நாளைக்குக் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை தாய்க்குக் கைகொடுக்க வேண்டும் என்று நினைக்கிறவள்தான் நான். முற்றம் கூட்டட்டும், சாப்பிட்ட கோப்பையைக் கழுவட்டும். அது அவளுடைய வீடு. 26 பேர் கலைத்ததைப் பசியோடு உட்கார்ந்து பொறுக்குவது அவள் கடமை இல்லை. அவள் பொறுக்கப் பொறுக்க அந்த 26 பேரும் தங்கள் கடமையைப் பழகாமல் போகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் பிழை செய்கிறீர்கள்.

1907இல் ரோமில் மரியா மொன்ரிசோரி தொடங்கிய முதல் பள்ளியிலும் சாமான்கள் பூட்டிய அலுமாரியில்தான் இருந்தன. ஒருநாள் ஆசிரியை பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் பிள்ளைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அது களவாகப் பட்டது. மொன்ரிசோரிக்கோ, எது எங்கே இருக்கிறது, தனக்கு எது வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும் என்பது பட்டது. அதன் பிறகு பிள்ளையின் உயரத்துக்குப் பதிவான, பூட்டில்லாத தட்டுகள் வந்தன.

சரி, வேலைக்கு வருவோம். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். இந்தக் கிழமைப் பாடத்துக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள், மிச்சம் உள்ளே கிடக்கட்டும். பாதிக் குழப்பம் சாமான் கூடியதால் வருவது. நாலு கல், ஒரு பலகை போதும், தட்டு ஆயத்தம். பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு மேலே எதுவும் வேண்டாம். காட்போட் பெட்டி வைத்தால் கறையான் வரும். பனையோலைப் பெட்டி வாங்குங்கள். பெட்டியின் முகப்பில் ஒரு புளியங்கொட்டையை ஒட்டி, பக்கத்தில் 20 என்று எழுதுங்கள். திருப்பி வைக்கிற பிள்ளை எண்ணித்தான் வைக்க வேண்டும். 19தான் இருக்கிறது என்றால் மேசைக்குக் கீழே குனிந்து தேடும். அதைவிடப் பெரிய கணிதப் பாடம் உங்கள் அட்டைகளில் இல்லை. குன்றிமணி வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், கடித்தால் நஞ்சு.

மணி அடிக்கப் பத்து நிமிடத்துக்கு முன் எல்லோரும் வேலையை நிறுத்தட்டும். மூலைக்கு நாலு பேர் அடுக்கட்டும், ஆட்களைக் கிழமைக்கு ஒரு தடவை மாற்றுங்கள். முதல் இரண்டு கிழமை கோணல்மாணலாகத்தான் இருக்கும். உங்கள் கை போய்த் திருத்தக் கூடாது. அரைச்சுவர் வகுப்பு, இரவில் பூட்டத்தான் வேண்டும் என்றால் பூட்டுங்கள். காலையில் அந்தத் திறப்பு, பொறுப்பான பிள்ளையின் கழுத்தில் நூலில் தொங்கட்டும். 2009க்குப் பிறகு மீளக் குடியேறிய காலத்தில் நம் பிள்ளைகள் தறப்பாளுக்குக் கீழேயும் மரத்துக்குக் கீழேயும் படித்தார்கள். அலுமாரி இல்லாமலே ஒரு பென்சிலைத் துலைக்காமல் வைத்திருந்தார்கள்.

மகளிடமிருந்து திறப்பை இன்றைக்கே வாங்கிவிடுங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், சோற்றைப் போட்டுக் கொடுங்கள்.