வாடகை வீடு: குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

கேள்வி: சி.எம்.சி. மருத்துவமனையில் எனக்கு ஷிப்ட் வேலை. கணவருக்கு வி.ஐ.டி.யில். வேலூரில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட் வாடகைக்குத் தேடுகிறோம். எந்தப் பகுதி தோது? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
- வாசகி, ஆரணி

பதில்: இரண்டு இடத்துக்கும் நடுவே பாலாறு இருக்கிறது. உங்களில் ஒருவர் தினமும் பாலம் தாண்டியே ஆக வேண்டும். இரவு ஷிப்ட் உங்களுக்கு என்பதால் டவுன் பக்கமே பாருங்கள்: தோட்டப்பாளையம், கொசப்பேட்டை, சாய்நாதபுரம், கொஞ்சம் தள்ளி சத்துவாச்சாரி. மருத்துவமனையை ஒட்டிய தெருக்களில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதுதான் அதிகம். மாத வாடகைக்கு நாலு தெரு தள்ளிப் போய் டூ-லெட் போர்டு தேடுங்கள்.

முதலில் தண்ணீர். சமையலறைக் குழாயில் மாநகராட்சித் தண்ணீரா, போர் தண்ணீரா என்று கேளுங்கள். இரண்டும் ஒரே தொட்டியில் கலந்தால் குடிக்கத் தனி வழி பார்க்க வேண்டிவரும். பாத்ரூம் குழாய் மூக்கில், ஷவர் துளையில் வெள்ளைப் படிவு இருந்தால் உப்புத் தண்ணீர். கீசர் காயில் சீக்கிரம் போகும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. சித்திரை, வைகாசியில் எத்தனை லாரி தண்ணீர் வாங்கினார்கள், அந்தக் காசு மெயின்டனன்ஸில் சேர்த்தியா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், வாட்ச்மேனிடம் கேளுங்கள்.

அடுத்து வெயில். காலை பத்து மணிக்கு வீடு பார்த்தால் எல்லா வீடும் குளுகுளுதான். மாலை ஆறு மணிக்குப் போய் மேற்குச் சுவரில் கையை வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டில் பகலெல்லாம் கான்கிரீட் வாங்கிய சூடு ராத்திரிதான் உள்ளே இறங்கும். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவருக்கு அந்த வீடு வேண்டவே வேண்டாம், வாடகை ஆயிரம் குறைந்தாலும்.

ஆனி கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு மாறுவார்கள், பேரம் படியாது. நாள் பார்க்காதவர் என்றால் ஆடியில் பேசுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர் இறங்கி வருவார்.

கேள்வி: அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்கிறார்கள். 11 மாத ஒப்பந்தம் போதுமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். ஆனால் ‘வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய’ என்று ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேச முடியாது. 11 மாதம் என்பது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைத் தவிர்க்க வந்த பழக்கம். இந்தச் சட்டப்படி அமைந்த வாடகை அதிகார அமைப்பிடம் பதிவதற்கு அந்த விலக்கு கிடையாது. பெயின்ட் செலவு யாருடையது, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், அட்வான்ஸ் எந்தத் தேதியில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும்.

கேள்வி: கரண்டுக்கு வீட்டுக்காரரே யூனிட் ரேட் போடுகிறார். சரியா?
- வாசகி, காட்பாடி

பதில்: சப்-மீட்டர் வீடு அது, அதாவது வீட்டுக்காரரின் மெயின் மீட்டரிலிருந்து பிரித்துக் கொடுத்த கரண்ட். இலவச யூனிட் மெயின் மீட்டருக்கு ஒருமுறைதான், அது உங்களுக்கு வந்து சேராது. இரண்டு குடும்ப உபயோகம் ஒன்றாகக் கூடி 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும். தனி ஈ.பி. சர்வீஸ் நம்பர் உள்ள வீடாகப் பாருங்கள். அட்வான்ஸுக்கு முன் கடைசி பில்லை வாங்கிப் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.