வெளியே கொடுக்கும் 57,000 ரூபாயில் பிரிண்ட் அண்ட் கட் இயந்திரத்தின் தவணை அடையுமா?

கேள்வி: கரூரில் 9 ஆண்டுகளாக ஸ்டிக்கர் மற்றும் பெயர்ப்பலகைக் கடை நடத்துகிறேன். பஸ் பாடி கட்டும் பட்டறைகளிலிருந்தும் கடைக்காரர்களிடமிருந்தும் வேலை வருகிறது. ஸ்டிக்கர் வெட்டும் 2 அடி கட்டிங் பிளாட்டர் ஒன்றும், ஒட்டும் வேலைக்கு ஓர் ஆளும் உண்டு. பிரிண்ட் வேலையை வேறோர் அச்சகத்தில் கொடுத்து வாங்குகிறேன்; மாதம் சராசரியாக 1,500 சதுர அடி, லேமினேஷன் சேர்த்து சதுர அடிக்கு 38 ரூபாய். வேலை கைக்கு வர இரண்டு நாள் ஆகிறது. இப்போது மூன்று விலைகள் கையில் உள்ளன. ஜப்பான் தயாரிப்பு 54 அங்குல பிரிண்ட் அண்ட் கட் இயந்திரம் 12 லட்சம். சீனத் தயாரிப்பு பிரிண்டர் மட்டும் 5 லட்சம். இரண்டுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. மூன்றாவது, 6 ஆண்டு ஓடிய பழைய பிரிண்ட் அண்ட் கட், 5.5 லட்சம், பாதிப் பணம் ரொக்கமாக வேண்டுமாம். வெளியே கொடுக்கும் 57,000 ரூபாயிலேயே தவணை அடைந்துவிடும் என்கிறார் விற்பனையாளர். வைப்புநிதியில் 4 லட்சம் இருக்கிறது. மனைவியின் நகையை அடகு வைக்கவும் தயார். எதை வாங்கலாம்?

பதில்: இன்றைய வேலை அளவில் மூன்றில் எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. எந்த அளவை எட்டினால் வாங்கலாம், அப்போது எதை வாங்க வேண்டும் என்பதையும், அதற்குள் செய்யக்கூடிய சிறிய முதலீடு ஒன்றையும் சொல்கிறேன்.

முதலில் விற்பனையாளரின் கணக்கு. நீங்கள் மாதந்தோறும் அச்சகத்துக்குக் கொடுக்கும் 57,000 ரூபாயில் அவருடைய வினைல், இங்க், லேமினேஷன் ஃபிலிம், ஆள் கூலி, மின்சாரம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இயந்திரம் உங்கள் கடைக்கு வந்த மறுநாளே இவை அனைத்தும் உங்கள் செலவாகிவிடும். ஆகவே 57,000 ரூபாயையும் மிச்சம் என்று எண்ணுவது அடிப்படையிலேயே தவறு. மிச்சமாவது அச்சகம் உங்களிடம் வைக்கும் லாபமும் அதன் நிர்வாகச் செலவில் ஒரு பங்கும் மட்டுமே.

அதை எண்களில் பார்ப்போம். சாதாரண வினைல் சதுர அடிக்கு 10 ரூபாய், லேமினேஷன் ஃபிலிம் 6 ரூபாய், நிறுவனத்தின் அசல் இங்க் 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 ரூபாய் ஆகிறது. ஓரக்கழிவு, நிறம் தப்பிய பிரிண்ட், ரோல் மாற்றும்போது வீணாவது ஆகியவற்றுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 22 ரூபாய். இவை என் மதிப்பீடுகள். நீங்கள் சரக்கு வாங்கும் கடையின் பில்லைக் கொண்டு திருத்திக்கொள்ளுங்கள். இதன்படி சதுர அடிக்கு 16 ரூபாயும், 1,500 சதுர அடிக்கு 24,000 ரூபாயும் மிஞ்சுகின்றன. இதிலிருந்து ஆபரேட்டர் சம்பளம் 15,000, ஏசி உட்பட மின்கட்டணம் 3,000, இங்க்கைத் தெளிக்கும் ஹெட் மற்றும் உதிரிபாகங்களுக்கென மாதந்தோறும் ஒதுக்க வேண்டிய 5,000 ஆகியவற்றைக் கழித்தால் கையில் நிற்பது 1,000 ரூபாய். ஜப்பான் இயந்திரத்துக்காக 10 லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணையோ ஏறத்தாழ 21,750 ரூபாய். மாதம் 20,750 ரூபாயை ஒட்டும் வேலையில் சம்பாதித்த பணத்திலிருந்து எடுத்துக் கட்ட நேரிடும். இந்த இயந்திரம் தன் தவணையைத் தானே கட்டிக்கொள்ள வேண்டுமானால், மாதம் சுமார் 2,800 சதுர அடி ஓட வேண்டும். அது உங்கள் இன்றைய வேலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

விலைப்பட்டியலில் இல்லாத செலவுகளையும் சேர்க்க வேண்டும். வரியோடு 14.16 லட்சம் ஆகும் இயந்திரத்துக்கு 10 லட்சம் கடன் போக மீதி 4.16 லட்சம், உங்கள் வைப்புநிதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. லேமினேஷன் இயந்திரம், யுபிஎஸ், ஏசி, தூசி புகாத தடுப்பு அறை ஆகியவற்றுக்கு இன்னும் ஒன்றரை லட்சமாவது வேண்டும். நகை அடகு என்ற எண்ணம் உங்களுக்கு இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக்குள் தீர்க்கவோ புதுப்பிக்கவோ வேண்டிய குறுகிய காலக் கடன். சரக்கு வாங்கவும், பட்டறையிலிருந்து பணம் வரும்வரை சமாளிக்கவும் அது உதவும். ஐந்து ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் பணத்தைத் திருப்பித் தரும் இயந்திரத்துக்கு அது பொருந்தாது.

அடுத்து, அச்சும் வெட்டும் ஒரே இயந்திரத்தில் இருப்பது உங்களுக்கு எவ்வளவு பயன்படும் என்ற கேள்வி. லேமினேஷன் தேவைப்படாத சிறு லேபிள்களும் விலைச்சீட்டுகளும் உங்கள் முக்கிய வேலையாக இருந்து, இடமும் ஆளும் குறைவாக இருந்தால், அச்சிட்ட கையோடு அதே ரோலில் வெட்டித் தரும் இயந்திரத்தை நானே பரிந்துரைத்திருப்பேன். பஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டும் ஸ்டிக்கர் வேறு. வெயிலையும் வாட்டர் சர்வீஸையும் தாங்க அதற்கு லேமினேஷன் வேண்டும். கரைப்பான் கலந்த எக்கோ சால்வென்ட் இங்க்கில் அச்சிட்டதை, அந்தக் கரைப்பான் ஆவியாவதற்குள் லேமினேஷன் செய்தால் பசை இளகி ஓரம் தூக்கிக்கொள்ளும் என்பதால், ஒரு நாளாவது உலர விடுவது வழக்கம். ஆகவே அச்சிட்ட ரோலைக் கழற்றி, உலர வைத்து, லேமினேஷன் செய்து, மறுபடி மாட்டி, வெட்டும் இடத்தைக் காட்ட அச்சிடும் ரெஜிஸ்ட்ரேஷன் குறிகளைச் சென்சார் படித்த பிறகுதான் வெட்ட முடியும். இயந்திரம் ஒன்றாக இருந்தும் வேலை இரண்டாகத்தான் நடக்கிறது. அது வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அச்சும் நின்றுவிடுகிறது. பிரிண்டர் நிறுவனங்களான ரோலண்டும் மிமாகியும் இரண்டையும் ஒரே உடலில் தருகின்றன என்றால், எச்பி தன் லேட்டக்ஸ் வரிசையில் பிரிண்டரையும் கட்டரையும் தனித்தனியாக, ஒரே நேரத்தில் இரண்டும் ஓடும்படி விற்கிறது. அச்சகத்தில் இப்போது ஆகும் இரண்டு நாளில் ஒரு நாள் இந்த உலர்வுக்கே போகிறது என்பதால், சொந்த இயந்திரம் வந்தாலும் அந்த நாள் குறையாது.

சீனத் தயாரிப்பு பிரிண்டரின் கணக்கு ஜப்பான் இயந்திரத்தைவிடச் சற்றுப் பரவாயில்லை. வரியோடு 5.9 லட்சம், லேமினேஷன் முதலியவற்றுக்கு 1.5 லட்சம், ஆக 7.4 லட்சம். முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் கிடைக்கக்கூடிய 5 லட்சத்தை அதே வட்டியில் 4 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை சுமார் 12,925 ரூபாய். இங்க் மலிவு என்பதால் சதுர அடிக்கு 17.65 ரூபாய் மிஞ்சும். உதிரிபாகங்களுக்கு ஒதுக்குவதை மட்டும் 7,000 ஆக உயர்த்தியிருக்கிறேன். இதற்கும் மாதம் 2,150 சதுர அடி வேண்டும். நானே இயக்கிக்கொள்கிறேன், ஆபரேட்டர் வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். அப்போது 1,300 சதுர அடியே போதும் என்று கணக்கு வரும். ஆனால் பட்டறைக்குச் சென்று அளவெடுப்பது யார், டிசைனுக்கு ஒப்புதல் வாங்குவது யார், ஒட்டும் இடத்தில் நிற்பது யார்? உங்கள் கடைக்கு லாபம் வருவது அந்த மூன்று வேலைகளில்தான்.

குறைந்த வேலையை வைத்துக்கொண்டு பிரிண்டர் வாங்குவதில் இன்னொரு இடர் உண்டு. எக்கோ சால்வென்ட் பிரிண்டர் சும்மா நின்றால் ஹெட்டின் துளைகளில் இங்க் காய்ந்துவிடும். அதைத் தவிர்க்க, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் நாசில் செக்கைத் தினமும் எடுத்து, தேவைப்பட்டால் கிளீனிங் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கிளீனிங்கிலும் இங்க் கழிவுப் பாட்டிலுக்குப் போகிறது. மாதம் 3,000 சதுர அடி ஓட்டுபவருக்கு இது பொருட்படுத்தத் தேவையில்லாத தொகை. 1,500 ஓட்டுபவருக்கு, அதுவும் பட்டறைகளில் வேலை மந்தமாகும் மாதங்களில், மேலே சொன்ன இங்க் கணக்கையே இது மாற்றிவிடும். இதனால்தான் ஹெட்டின் விலை, அது உத்தரவாதத்தில் அடங்குமா என்பது, சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரிலிருந்து எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பது ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்காமல் எந்த பிரிண்டருக்கும் முன்பணம் கொடுக்கக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். இயந்திரத்துக்கு ஓராண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, ஹெட்டை மட்டும் விலக்கிவைக்கும் பட்டியல்கள் உண்டு.

வரி விஷயத்தில் விற்பனையாளர்கள் சொல்லும் சலுகைகளைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். நீங்கள் சாதாரண முறையில் ஜிஎஸ்டி செலுத்துபவராக இருந்தால், இயந்திரத்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். அது உடனே கைக்கு வரும் பணம் அல்ல, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் சிறிது சிறிதாகக் கழியும். அந்த வரித்தொகைக்குத் தேய்மானமும் கோர முடியாது. விற்றுமுதலில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருந்தால் அந்த வரவு கிடையாது, 14.16 லட்சமும் முழுச் செலவு. வருமான வரியில் இயந்திரத்துக்குத் தேய்மானம் 15 சதவீதம். அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. ஆனால் உங்களைப் போன்ற பல கடைக்காரர்கள் விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் உத்தேச வருமான முறையில் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள். அவர்களுக்குத் தேய்மானம் தனியாகக் கிடைக்காது.

மானியம் பற்றி யாராவது ஆசை காட்டினால், பிரதமரின் பிஎம்இஜிபி, தமிழக அரசின் நீட்ஸ் ஆகிய இரண்டும் முக்கியமாகப் புதிதாகத் தொடங்கும் தொழில்களுக்கானவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். 9 ஆண்டு நடந்துவரும் கடைக்கு அவற்றை எதிர்பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது வேறு. இணையத்தில் கட்டணமின்றி உத்யம் என்ற சிறு தொழில் பதிவைச் செய்துகொண்டால், சிறு தொழில்களுக்கான 10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியைச் சுட்டிக்காட்டி விண்ணப்பிக்கலாம். நகை அந்த நிலையில் பீரோவிலேயே இருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது, ரெஜிஸ்ட்ரேஷன் குறிகளைப் படிக்கும் சென்சார் அல்லது கேமரா உள்ள 4 அடி கட்டிங் பிளாட்டர் ஒன்றை வாங்குவது. நீங்கள் குறிப்பிட்ட மூன்று விலைகளைவிடவும் இதன் விலை மிகக் குறைவு. கடன் இல்லாமலேயே முடியும். அச்சகத்திடம் லேமினேஷன் வரை செய்து வாங்கி, வடிவ வெட்டை உங்கள் கடையிலேயே செய்துகொள்ளலாம். கையால் வெட்டும் நேரம் மிச்சமாகும், வெட்டுக்கென அச்சகத்தில் காத்திருப்பதும் குறையும். வாங்குமுன் அந்த பிளாட்டரின் மென்பொருள் எந்த வகைக் குறிகளைப் படிக்கும் என்று கேட்டு, அதே குறிகளோடு உங்கள் அச்சகம் ஒரு மாதிரி அச்சிட்டுத் தர, அதைக் கடையிலேயே வெட்டிப் பாருங்கள். பின்னாளில் எந்த பிரிண்டர் வாங்கினாலும் இந்த பிளாட்டர் அதோடு சேர்ந்து வேலை செய்யும்.

அதே வேளையில், இரண்டு நாள் தாமதத்தால் கைவிட்டுப்போன வேலைகளைச் சதுர அடிக் கணக்கில் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். நடந்த வேலையும் தவறிய வேலையும் சேர்ந்து, தொடர்ச்சியாக ஆறு மாதம் 2,200 சதுர அடிக்கு மேல் வந்தால், தனி பிரிண்டர் வாங்கும் நேரம் வந்துவிட்டது. பஸ் எஃப்சி வேலைகளும் ஆயுத பூஜையும் கூடிவரும் ஓரிரு மாதங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அந்த நோட்டும் அச்சகத்தின் ஜிஎஸ்டி பில்களும் சேர்ந்தால், வங்கி மேலாளருக்கு அதைவிட நல்ல திட்ட அறிக்கை வேண்டியதில்லை.

பழைய இயந்திரம் பற்றி ஒரு வார்த்தை. மூலதனச் சொத்துக்காக ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகையை வருமான வரிச் சட்டம் சொத்தின் விலையாகவே ஏற்காது. ஜிஎஸ்டி பில் இல்லாத பகுதிக்கு உள்ளீட்டு வரி வரவும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை. ஹெட்டின் மீதி ஆயுளை விற்பவரே உறுதியாகச் சொல்ல முடியாது. முழுத் தொகைக்கும் பில் போட்டு, வங்கி வழியே பணம் வாங்கச் சம்மதித்து, உங்கள் கோப்பையே உங்கள் கண்முன் அச்சிட்டு வெட்டிக் காட்டினால்கூட, 2,200 சதுர அடி என்ற எல்லை அதற்கும் பொருந்தும்.