வார்ட் வாசலில் நிற்கிற கணவருக்கு

கேள்வி: அக்கா, எனக்கு வயது 44. மண்டூர்ப் பக்கம் வயல் செய்கிறேன். மனைவிக்கு மார்புப் புற்றுநோய். இடது மார்பையும் கமக்கட்டில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் ஒப்பரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இப்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மூன்று கிழமைக்கு ஒருக்கால் கீமோ ஏற்றுகிறார்கள், சிவப்பு நிற மருந்து. தலைமயிர் எல்லாம் கொட்டிவிட்டது. பெண்கள் வார்ட் என்பதால் என்னை உள்ளே நிற்க விடுவதில்லை, மாமிதான் துணைக்கு நிற்கிறா. வீட்டில் மச்சாள் சமைக்கிறா. சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்துவிட்டு வெளியே மரத்தடியில் நிற்பது மட்டும்தான் என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அவ என்னோடு பேசுவதில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறா. வேளாண்மை வெட்டும் கிட்டி வந்துவிட்டது. நான் அவவுக்கு என்னதான் செய்வது?

பதில்: தம்பி, வார்ட்டுக்குள் மாமியே நிற்கட்டும். உடம்பு கழுவ, உடுப்பு மாற்ற அந்த நேரத்தில் தாயின் கைதான் வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை போய் இருப்பது பெண் வீட்டில்தானே. வருத்தம் என்று வந்தால் தாயும் அக்கா தங்கச்சிமாரும் வீட்டை நிறைத்துவிடுவார்கள், கட்டின மனுசன் திண்ணைக்குப் போய்விடுவார். நான் தாதியாக வேலை செய்த காலம் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் திண்ணையில் இருந்து எழும்ப வேண்டும். கீமோவில் ஆபத்தான நாட்கள் வருவது மருந்தை ஏற்றி வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான். அந்த நாட்களைக் காவல் காக்கிற ஆள் நீங்களாக இருங்கள்.

முதலில் காய்ச்சல். மருந்து ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் மட்டும் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் நன்றாகக் குறைந்திருக்கும். அந்த நேரம் ஒரு சின்னக் கிருமித் தொற்றும் சில மணித்தியாலத்தில் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். பாமசியில் ஒரு டிஜிட்டல் தேர்மோமீட்டர் வாங்குங்கள். புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிற கணக்கு இதற்குச் சரிவராது. 100.4 பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் காட்டினால் அன்றைக்கே, அந்த மணித்தியாலமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'இரண்டு பனடோல் கொடுத்து விடியப் பார்ப்பம்' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பனடோல் சூட்டை மறைக்கும், தொற்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். காய்ச்சல் இல்லாமல் நடுக்கம் மட்டும் வந்தாலும் இதே அவசரம்தான்.

நீங்கள் இருக்கிற இடத்துக்கு வழியையும் இப்போதே யோசித்து வையுங்கள். பகலில் வாவியைக் கடக்கிற படகுப் பாதையில் ஏறிக் குருமண்வெளிக்குப் போய்விடலாம். இரவில் பாதையை நம்பித் துறையில் நிற்காதீர்கள். வெல்லாவெளி போய்ப் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கு விடுங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. ஊரில் ஓட்டோ வைத்திருக்கிற ஒருவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போய் இறங்கியதும் 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லாமல் 'கீமோ ஏற்றிப் பத்தாம் நாள், காய்ச்சல் 101' என்று சொல்லிக் கிளினிக் கொப்பியைக் கையில் கொடுங்கள். அந்த ஒரு வசனத்தால் உங்களை வரிசையில் இருந்து எடுத்து உள்ளே விடுவார்கள். அதை மாமியால் பதற்றத்தில் சொல்ல முடியாது. நீங்கள் சொல்வீர்கள்.

அந்தச் சிவப்பு மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டொக்சோருபிசின் என்பது அதன் பெயராக இருக்கும். ஏற்றிய நாளும் அடுத்த நாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். இரத்தம் என்று பயந்துவிடாதீர்கள், மருந்தின் நிறம் அது. ஆனால் நரம்பை விட்டு மருந்து வெளியே கசிந்தால் தசையைப் புண்ணாக்கிவிடும். மருந்து ஏறும்போது ஊசி குத்தின இடம் எரிந்தாலோ வீங்கினாலோ அந்த நொடியே மிஸ்ஸியை, அதாவது தாதியை, கூப்பிட வேண்டும். எங்கள் பெண்கள் கூப்பிட மாட்டார்கள், தம்பி. 'மிஸ்ஸிக்கு ஏன் கரைச்சல்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். அப்படிக் கிடந்து முழங்கை வரை கறுத்துப்போன கைக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். முதல் நாள் இரவே அவவிடம் சொல்லுங்கள்: 'எரிந்தால் கத்து, நான் வெளியேதான் நிற்பேன்.' இன்னொன்று, கமக்கட்டுக் கணுக்களை எடுத்தது இடது பக்கம். அதனால் அந்தக் கையில் ஊசி, இரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது ஒன்றும் வேண்டாம். அவசரத்தில் யாராவது அந்தக் கையைப் பிடித்தால் மாமி தடுக்க வேண்டும், அவவுக்கும் சொல்லி வையுங்கள்.

ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். எந்த நாளில் ஏற்றியது, எந்த நாளில் சத்தி, எந்த நாளில் வாய்ப்புண், எத்தனை தரம் வயிற்றோட்டம் என்று எழுதுங்கள். சத்திக்குக் குளிசை தந்திருப்பார்கள். அதை 'சத்தி வந்தால் பார்ப்பம்' என்று வைக்காமல் சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். கிளினிக்கில் டொக்டர் இரண்டு நிமிடம்தான் பேசுவார். கேட்க வேண்டியதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள், அவவுக்கு முன்னாலேயே கேளுங்கள். அவவை வெளியே இருத்திவிட்டு ஆண்கள் உள்ளே போய்க் குசுகுசுப்பது எனக்கு அறவே பிடிக்காத பழக்கம். உடம்பு அவவுடையது. இரத்தத்தில் அணுக்கள் குறைவு, அடுத்த கிழமை வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் மனம் விடாதீர்கள், அடிக்கடி நடப்பதுதான்.

சாப்பாடு மச்சாளின் பொறுப்பு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கொதிக்கக் கொதிக்கக் கறி வைக்கிற மணமே அவவுக்குச் சத்தி எடுக்க வைக்கும், ஆறின பிறகு கொடுக்கச் சொல்லுங்கள். கஞ்சி, அவித்த முட்டை, குழம்பில் நன்றாக வெந்த மீன் எல்லாம் நல்லது. சட்டித் தயிரும் வெளியில் வெட்டி விற்கிற பழமும் வேண்டாம். வாய் புண்ணானால் கொதித்தாறின தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிக்கட்டும். பப்பாசி இலைச் சாறு, நாட்டுக் கசாயம் என்று ஆளாளுக்குக் கொண்டு வருவார்கள். டொக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டும் வேண்டாம். மருந்து ஏற்றின இரண்டு நாளும் மலசலகூடத்தில் இரட்டிப்பாகத் தண்ணீர் ஊற்றுங்கள், சத்தியைக் கழுவும்போது கையுறை போடுங்கள்.

மறுகா, அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது.

அவ உங்களை வெறுத்துத் திரும்பவில்லை, தம்பி. மார்பு போய், மயிரும் போய், சீப்பில் கொத்துக் கொத்தாக வந்ததைப் பேப்பரில் சுற்றி எறிந்த பெண் அவ. தலையில் துணி கட்டிக்கொண்டு, நீங்கள் பார்க்கக் கூடாது என்று திரும்பிப் படுக்கிறா. 'மயிர் முளைக்கும்தானே' என்று ஆறுதல் சொல்ல வேண்டாம். முளைக்கும்தான், கீமோ முடிந்து சில மாதத்தில் முளைக்கும், ஆனால் இன்றைக்கு அவ கேட்க விரும்புவது அது அல்ல. பக்கத்தில் போய் இருங்கள். காலைப் பிடித்துவிடுங்கள். மாமி இருக்கிறா என்று வெட்கப்படாதீர்கள். புற்றுநோய் தொட்டு ஒட்டாது. ஒரே பாயில் படுக்கலாம், கட்டிப் பிடிக்கலாம், ஒரு கோப்பையில் சாப்பிடலாம். ஊரில் யாராவது அவவுக்கென்று தனித் தட்டு எடுத்து வைத்தால் அதை எடுத்து நீங்கள் சாப்பிடுங்கள். உடலுறவும் அவவுக்கு இயலும், விருப்பம் என்றால் ஆகாது என்று இல்லை. அணுக்கள் குறைந்த நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். சிகிச்சைக் காலத்தில் பிள்ளை தரிக்கக் கூடாது, ஆணுறை கட்டாயம். மருந்து ஏற்றின முதல் நாட்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. இதைக் கிளினிக் மிஸ்ஸியிடம் தனியாகக் கேட்கலாம், அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஒப்பரேஷன் தழும்பை அவ உங்களுக்குக் காட்டவில்லை என்றால் கேட்காதீர்கள். காட்டுகிற நாளில் பார்வையை எடுத்துவிடாதீர்கள்.

வேளாண்மை வெட்டுக்கு மெசின்காரரிடம் நாளைச் சொல்லும்போது, கீமோ நாளையும் அதற்குப் பின்னால் ஏழாம் நாளிலிருந்து வருகிற அந்த எட்டு நாளையும் கழித்துச் சொல்லுங்கள். வட்டையில் நிற்க அண்ணன் தம்பியைக் கேளுங்கள். நெல்லுக்கு ஆள் கிடைக்கும். அவவிடமும் வயல் கதையைப் பேசுங்கள், மூட்டை எத்தனை, விலை என்ன என்று. அவ கணக்குப் பார்த்த வயல்தானே.

கேள்வி: ஆலையடிவேம்பில் இருந்து எழுதுகிறேன். கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய், மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) வைக்கிறார்கள். எனக்குச் சிங்களம் தெரியாது. வார்ட்டில் தனியாகக் கிடக்கிறார், அவருக்கும் தெரியாது. பயமாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, கரண்ட் ஒவ்வொரு முறையும் சில நிமிடந்தான், வலியும் இராது. கிழமையில் ஐந்து நாள் தொடர்ந்து வைப்பார்கள், இடையில் விடக் கூடாது. இரண்டாம், மூன்றாம் கிழமையில்தான் தொண்டை புண்ணாகி விழுங்க முடியாமல் வரும், அப்போதுதான் மொழி வேண்டும். ஒரு மட்டையில் தமிழில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள்: 'ரிதெனவா' என்றால் வலிக்கிறது, 'உண' என்றால் காய்ச்சல், 'கிலின்ன பே' என்றால் விழுங்க ஏலாது. அவர் விரலால் காட்டினாலே போதும், தமிழுக்குப் பக்கத்தில் சிங்களத்திலும் யாரிடமாவது எழுதி வாங்குங்கள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியோடு பழகுங்கள். அந்த வார்ட்டில் உங்களைப் போல் தூரத்தில் இருந்து வந்தவர்கள் நிறையப் பேர், சிரித்துக்கொண்டு தேத்தண்ணி நீட்டினால் மொழி தெரியாதவளும் உதவி செய்வாள். எடையைக் கிழமைக்கு ஒருக்கால் கேளுங்கள். தண்ணீரும் இறங்கவில்லை என்றால் அடுத்த நாள் கிளினிக் வரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள், மூக்கால் குழாய் போட்டுப் பால் கொடுக்க வழி இருக்கிறது. வெற்றிலை, புகையிலை இரண்டையும் யார் கொண்டு வந்தாலும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.